தொடக்க இருப்பு: பூஜ்யம்

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்திலிருந்து நம் சலவைக் கடையில் நடப்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று பிரிக்க மாட்டேன். அம்மா "இதை எழுதாதே" என்று சொன்னால், சொன்னாள் என்பதையும் சேர்த்தே எழுதுவேன்.

நாங்கள் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அணை கட்டும் இடத்தில் போன் எடுக்காது, சாமான் லாரிதான் தபாலையும் கொண்டுவரும் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதம் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே கசங்காமல் வர வேண்டுமே என்று அட்டை வைத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் லாட்ஜ் மேனேஜர் கடைக்கு வந்தார். எப்போதும் முறைத்துக்கொண்டே நிற்பாரே, நாம் 'முறைப்பு' என்று சொல்லுவோமே, அவர்தான். லாட்ஜின் முதல் மாடி விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் நமக்கே வெளுக்கக் கொடுக்கத் தயார் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. "துண்டுச் சீட்டெல்லாம் எங்க ஆடிட்டர் ஒத்துக்க மாட்டார். கம்ப்யூட்டர்ல அடிச்ச பில்லு வேணும்." அம்மா உடனே சரி என்றாள். எப்படிச் செய்வது என்று அவளுக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் பெரியப்பா பக்கத்திலிருக்கும் தன் பெயிண்ட் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். "இனிமே உங்க நோட்டை நான் எழுதப்போறதில்ல. எழுத எழுத நஷ்டம்தான் வருது. வருஷம் முடிஞ்சதும் கடையை மூடிட்டு எங்க மாடி ரூமுக்கு வந்துடுங்க. நடுச்சுவரை இடிச்சா எனக்கு இடமும் ஆச்சு, உங்களுக்கு நிம்மதியும் ஆச்சு" என்றார். கணக்கு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். போகிற போக்கில் நம் சுவரில் சாக்பீஸால் ஒரு வாசல் அளவுக்குக் கோடு போட்டார்.

லாட்ஜ் வேலை கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் மாடி ரூம். அதில் ஜன்னல்கூட இல்லை.

அம்மா அன்றைக்கே விசாரிக்கக் கிளம்பினாள். இரண்டு நாளில் ஒரு பழைய கம்ப்யூட்டரும், சின்னக் கடைகளுக்கான கணக்கு மென்பொருளும் வந்து இறங்கின. மேசையைச் சாக்பீஸ் வாசலை மறிக்கிற மாதிரி, பின்னால் நாற்காலிக்கு மட்டும் இடம் விட்டுப் போடச் சொன்னாள்.

மென்பொருள் முதலில் கடையின் பெயரைக் கேட்டது. அடுத்து உரிமையாளர் பெயர். "அப்பா பேர் போடட்டுமா?" என்றேன்.

"இப்ப இந்தக் கடையில நிக்கிறது யாரு?"

"நீதான்."

"அப்புறம் என்ன கேள்வி?"

அம்மாவின் பெயரைத்தான் போட்டேன். உண்மை எழுதுவதாகச் சொன்னதால் எழுதுகிறேன். கோபமா அப்பா?

உங்கள் பதிலுக்கு லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மகள்


ஜூன் 27

என் வக்கீலம்மாவுக்கு,

அப்பா சௌக்கியம். நீயும் அம்மாவும் சௌக்கியம் என்று அறிந்து சந்தோஷம். முதுகு பரவாயில்லை. இங்கே காற்று அதிகம், தூசி அதைவிட அதிகம். நம் கடைக்கு ஒரு மாசத்துக்கு வேலை தருகிற அளவு அழுக்கு என் ஒருத்தன் சட்டையிலேயே இருக்கிறது.

கம்ப்யூட்டர் எல்லாம் எதற்கு? அம்மாவுக்கு வீண் சிரமம். அண்ணன் நாலும் தெரிந்தவர். அவரிடம் நயமாகப் பேசினால் நோட்டை மறுபடி எழுதுவார். ஸ்டார்ச் அக்காவுக்குக் கை எரிச்சல் வராமல் இருக்கக் கையுறை வாங்கிக் கொடுக்கச் சொல்.

நன்றாகப் படி. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா


ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கையுறை வாங்கியாகிவிட்டது. ஸ்டார்ச் அக்கா அதைப் போட்டுக்கொண்டு தன்னை டாக்டர் என்று கூப்பிடச் சொல்கிறாள். கஞ்சி போடுகிற வேலைக்கு வந்தவள்தானே, இப்போது கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டாள்.

கோபமா என்று கேட்டிருந்தேன். நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

மென்பொருள் 'தொடக்க இருப்பு' என்று ஒரு கட்டத்தைக் காட்டி நின்றுவிட்டது. உதவி எண்ணுக்குப் போன் போட்டோம். ஒரு அண்ணன் மிகவும் மரியாதையாகப் பேசினார். பழைய கணக்கு முடிந்த இடத்திலிருந்துதான் புதுக் கணக்கு தொடங்க வேண்டுமாம். நான் பெரியப்பாவிடம் போய் நோட்டைக் கேட்டேன். ஒரு டப்பா பெயிண்டைக் கலக்கிக்கொண்டே, "அது விளையாட்டுச் சாமான் இல்ல, போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்றார். நயமாகத்தான் கேட்டேன் அப்பா.

திரும்பி வந்து மறுபடி போன் போட்டதும் அம்மா அதை வாங்கிக்கொண்டாள்.

"பழைய கணக்கு என்கிட்ட இல்ல தம்பி."

"யார்கிட்ட மேடம் இருக்கு?"

"தராதவங்ககிட்ட."

அந்த அண்ணன் வழி சொன்னார். "பூஜ்யம் போடலாம் மேடம். ஆனா அது புதுசா ஆரம்பிக்கிற கடைக்குத்தான்."

"புதுசாத்தான் ஆரம்பிக்கிறேன்" என்றாள் அம்மா. என்னைப் பார்த்து, "போடுடி பூஜ்யம்" என்றாள்.

பூஜ்யத்தை அழுத்தினேன். இத்தனை வருஷம் நீங்களும் அம்மாவும் உழைத்தது ஒரு விசையில் காணாமல் போகிறதே என்று தோன்றியது. ஸ்டார்ச் அக்காதான், "இதுல ஒரு வசதி பாரு. பூஜ்யத்துல நஷ்டம்னு எந்த மகராசனும் சொல்ல முடியாது" என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு துணிக்கும் என்ன அலகு என்று கேட்டது. காலுறைக்கு 'ஜோடி' என்று போட்டேன். ஒற்றைக் காலுறை கொண்டுவருகிறவருக்கு என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். அதைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் 'எண்ணிக்கை' என்று மாற்றினோம்.

கடவுச்சொல்லை அம்மாவே வைத்தாள். அதை மட்டும் இங்கே எழுத முடியாது. எனக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மகள்


ஜூலை 20

அன்பு மகளுக்கு,

சௌக்கியம். மழை பிடித்துக்கொண்டது. லாரி தாமதமாக வருகிறது.

பழைய இஸ்திரிப் பெட்டியின் வயரை மாற்றச் சொல், ஷாக் அடிக்கும். காலுறைச் சண்டையைப் படித்து என் கூடாரத்தில் எல்லாருக்கும் சொன்னேன், சிரித்தார்கள்.

சுவரில் கோடு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அண்ணன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கும். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

அப்பா


ஜூலை 25

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீங்கள் சொல்லச் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "சரி" என்றாள். அந்தச் 'சரி' எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

பதில் எழுத உங்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கேள்விகளுக்கு எண் போட்டிருக்கிறேன்.

1. முதுகுவலி உண்மையிலேயே பரவாயில்லையா, அல்லது எங்களுக்காக எழுதுகிறீர்களா?

2. இஸ்திரிப் பெட்டிக்கு எந்தக் கடையில் வயர் வாங்க வேண்டும்?

3. லீவு எப்போது?

4. பெரியப்பா நேற்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அம்மாவிடம், "உன் வீட்டுக்காரன் கையெழுத்து என்கிட்ட இருக்கு. வருஷக் கடைசியில கடையை எனக்கு விட்டுத் தர்றேன்னு எழுதியே குடுத்திருக்கான்" என்றார். அது உண்மையா?

5. அங்கே படிக்கப் புத்தகம் ஏதாவது கிடைக்கிறதா? வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

அவர் அதைச் சொன்னபோது அம்மா ஒரு சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. சட்டைக் கைகளையும் தேய்த்து முடித்து, மடித்து வைத்துவிட்டு, "அவர் கையெழுத்து அவரோட. எனக்கும் ஒரு கையெழுத்து இருக்கு" என்றாள். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேச வேண்டாம் என்று எழுதியிருந்தீர்களே, இது எதிர்த்துப் பேசுவதில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
மகள்


ஆகஸ்ட் 15

வக்கீலம்மாவுக்கு,

எல்லாரும் நலமா? உன் கேள்விகளுக்குப் பதில்.

1. முதுகு கொஞ்சம் வலிக்கிறது. தைலம் இருக்கிறது.

2. பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே உள்ள கடை. என் பெயரைச் சொல்.

3. மழை நின்றால்தான் லீவு.

4. புத்தகம் ஏதாவது அனுப்பு. படம் போட்டதாக இருந்தால் நல்லது.

குளிர் தொடங்கிவிட்டது. போர்வை போதும்.

அப்பா


ஆகஸ்ட் 19

அப்பாவுக்கு,

நலம். புத்தகம் அனுப்பியிருக்கிறேன். படம் போட்டது.

நான் ஐந்து கேள்வி கேட்டேன். நீங்கள் ஐந்தாவதை நான்காவதாக்கிவிட்டீர்கள். எண் போடத் தெரியாதவர் இல்லை நீங்கள்.

அம்மா உங்கள் கடிதத்தைப் படித்தாள். மடித்து உறையில் போட்டாள். இதை எழுதாதே என்று சொல்லவில்லை.

மகள்


செப்டம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

லாரி இரண்டு தடவை வந்து போய்விட்டதாம். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

இங்கே பெரிய கலாட்டா நடந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

மென்பொருளில் வாடிக்கையாளர் பட்டியல் போட வேண்டும். நமக்கு யார் பெயர் தெரியும்? துணியில் மையால் குறி போடுகிறோம், குறியைப் பார்த்தால் ஆளைத் தெரியும். அம்மா ஒவ்வொரு குறியாகச் சொல்லிக்கொண்டே போனாள், ஸ்டார்ச் அக்கா எடுத்துக் கொடுத்தாள், நான் அடித்தேன். நாய் முடி அம்மா. மூணாம் மாடிக் கோபம். வெள்ளைச் சட்டை வாத்தியார். நாளைக்குத் தரேன். லாட்ஜ் முறைப்பு. மாசக் கடைசியில் 'எல்லா பில்லையும் அச்சிடு' என்ற விசையை அழுத்தினோம். சுத்தமாக, அழகாக வந்தன. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா ஒவ்வொன்றையும் அந்தந்தத் துணி மூட்டையில் குத்தி அனுப்பிவிட்டாள். 'பெறுநர்' என்ற இடத்தில் நாங்கள் அடித்ததுதான் கொட்டை எழுத்தில் வரும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் கடை திறக்கும்போதே நாய் முடி அம்மா வந்து நின்றார். "யாரு நாய் முடி?"

அம்மாவுக்கு முன்னால் ஸ்டார்ச் அக்கா முந்திக்கொண்டாள். "உங்க கறுப்புக் கோட்டுலேருந்து நாங்க எடுத்த முடியை வெச்சு இன்னொரு நாயே செய்யலாம்மா."

அவர் பதில் சொல்வதற்குள், எப்போதும் கடன் சொல்கிற 'நாளைக்குத் தரேன்' ஓடிவந்தார். "என் பொண்டாட்டி பில்லைப் பார்த்துட்டா. முதல்ல பேரை மாத்துங்க."

"பணம் கட்டுங்க, பேர் தானா மாறும்" என்றாள் அம்மா. அங்கேயே கட்டினார். அப்பா, அவர் கட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

சத்தம் கேட்டுப் பெரியப்பா வந்துவிட்டார். ஒரு பில்லை எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். "நான் சொன்னேனா இல்லையா? தெருவே சிரிக்குது. லாட்ஜ்காரன் வந்து இதை மூஞ்சியில வீசப்போறான். மூடிட்டுக் கிளம்புற வழியைப் பாருங்க."

சொல்லி வாய் மூடவில்லை, மேனேஜர் உள்ளே வந்தார். கையில் பில்.

"இது யாரு?" என்று பெயரின் மேல் விரலை வைத்தார்.

"நீங்கதான் சார்" என்றாள் அம்மா.

"நான் முறைக்கிறேனா?"

"இப்பவும் முறைக்கிறீங்க."

பெரியப்பா நடுவில் வந்தார். "சார், பொம்பளைங்க, விவரம் பத்தாது. நான் மன்னிப்புக் கேட்டுக்..."

"நீங்க சும்மா இருங்க மாமா" என்றாள் அம்மா. பெரியப்பாவிடம் அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. மேனேஜர் பக்கம் திரும்பினாள். "பேர் தப்பு சார், ஒத்துக்கிறேன். பேரைத் தவிர இதுல வேற என்ன தப்புன்னு காட்டுங்க. விரிப்பு குறையுதா? உறை குறையுதா? கிழிஞ்சு வந்த துண்டைக் கிழிஞ்சுதுன்னே போட்டிருக்கோம். பாருங்க."

அவர் நின்றுகொண்டே பில்லை மேலிருந்து கீழ்வரை படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், அங்கே ஒன்றுமில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 'முறைப்பு' என்பதை அடித்துவிட்டு, மேலே தன் பெயரை எழுதி மேசையில் வைத்தார். "இப்படிப் போடுங்க. அடுத்த வாரத்துலேருந்து இரண்டாவது மாடித் துணியும் வரும்."

அவர் தெருவில் இறங்கியதும் ஸ்டார்ச் அக்கா, "போகும்போதும் முறைச்சுக்கிட்டேதான் போறாரு" என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவும் நானும் வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்டோம். மூணாம் மாடியில் அம்மா சொன்னாள்: "இத்தனை வருஷமா உங்க சட்டையைத் தெரியும், உங்க பேர் தெரியாது." அவர் கோபப்படவே இல்லை. நாற்காலி எடுத்துப் போட்டார். வெள்ளைச் சட்டை வாத்தியார் மட்டும் தன் பெயரை மாற்றவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

பெரியப்பா சாக்பீஸ் கோட்டின் மேல் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான்காவது கேள்வி அப்படியே இருக்கிறது அப்பா. காத்திருக்கிறேன்.

மகள்


செப்டம்பர் 25

என் மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதாததற்கு உடம்பு காரணமில்லை.

உன் பெரிய கடிதத்தைப் படித்தேன். 'இப்பவும் முறைக்கிறீங்க' என்ற இடத்தில் கூடாரமே எழுந்து நின்று கைதட்டியது. அவள் யார் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரி என்றேன். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காவது கேள்விக்குப் பதில்: ஆமாம்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் கையெழுத்துப் போட்டேன். கடை நஷ்டம் என்று அண்ணன் சொன்னார், நான் நம்பினேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லுவாள் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

இதே லாரியில் அண்ணனுக்கும் ஒரு கடிதம் வருகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. படிக்கும்போது அவர் முகத்தைப் பார். உன் கண்ணுக்குத் தப்புவது எது?

அந்தக் கம்ப்யூட்டரில் எனக்கு ஏதாவது இடம் இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டு எழுது. இல்லை என்றாலும் எழுது.

அப்பா


அக்டோபர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இந்தத் தடவை உண்மையிலேயே நலம். அவர் முகத்தைப் பார்த்தேன். முதலிலிருந்து சொல்கிறேன்.

காலையில் பெரியப்பா ஒரு கொத்தனாரையும் சம்மட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். லாட்ஜ் துணி கடை நிறைய அடுக்கியிருந்தது. "வருஷக் கடைசி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இன்னைக்கே சுவரை இடிச்சிடலாம். மேசையை நகர்த்தும்மா" என்றார்.

"நகர்த்த மாட்டேன்" என்றாள் அம்மா.

"என்கிட்ட எழுத்து இருக்கு."

"இருக்கட்டும். மேசைக்குப் பின்னால நான் இருக்கேன்." நாற்காலியைச் சுவரோடு போட்டு, சிவப்புக் கோட்டில் முதுகு பட உட்கார்ந்து, அன்றைய துணிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தாள். ஸ்டார்ச் அக்கா கையுறையோடு வந்து ஒரு பக்கம் நின்றாள். நான் மறுபக்கம் நின்றேன். மூன்று பேரும் நகரவில்லை. கொத்தனார் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, ஆள் உட்கார்ந்திருக்கிற சுவரை நான் இடிக்கிறதில்ல" என்றார்.

அப்படியே எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. தபால்காரர் வந்தபோதும் அதே நிலைதான். நமக்கு ஒரு கடிதம் கொடுத்தார், பெரியப்பாவை அங்கே பார்த்ததும் அவருடையதையும் கையில் கொடுத்தார்.

பெரியப்பா முதல் பக்கத்தைப் படித்தபோது புருவம் ஏறியது. இரண்டாம் பக்கத்தில் காது சிவந்தது. படித்து முடித்ததும் அதை நாலாக மடித்து, மறுபடியும் மடித்து, இன்னும் மடிக்க முடியாமல் பையில் திணித்தார். கொத்தனாரிடம், "போப்பா, இன்னைக்கு வேலை இல்ல" என்றார்.

வாசலைத் தாண்டப் போனவரை அம்மா கூப்பிட்டாள். வழக்கமாக நாம் காசு வாங்காமல் தேய்த்துக் கொடுக்கிற அவருடைய சட்டை மூட்டையை நீட்டினாள். மேலே ஒரு காகிதம் குத்தியிருந்தது.

"என்னது இது?"

"பில்லு மாமா."

"எனக்கா?"

"பழசு எதையும் சேர்க்கல. உங்களுக்கும் பூஜ்யத்துலேருந்துதான் ஆரம்பிச்சிருக்கேன்."

பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "நாளைக்குத் தரேன்" என்றார்.

"அந்தப் பேரு இப்ப காலியாத்தான் இருக்கு" என்றாள் ஸ்டார்ச் அக்கா.

அவர் பர்ஸை எடுத்தார்.

அதன்பிறகுதான் அம்மா உங்கள் கடிதத்தைப் படித்தாள். வெகுநேரம் படித்தாள். 'ஆமாம்' என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அழவில்லை. நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். நீங்கள் கேட்டதைக் கேட்டேன்: அப்பாவுக்கு இதில் இடம் இருக்கிறதா?

மென்பொருளில் பயனர் என்று ஒரு பகுதி உண்டு. யார் என்ன செய்யலாம் என்று அதில் தீர்மானிக்கலாம். அம்மா எல்லாமே செய்யலாம். நான் ஏற்றலாம், திருத்தலாம். ஸ்டார்ச் அக்கா ஏற்றலாம், அழிக்க முடியாது. அம்மா என்னை எழுப்பிவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி உங்கள் பெயரை அடித்தாள். பட்டப்பெயர் இல்லை, முழுப்பெயர். பக்கத்தில் உள்ள கட்டங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்: 'பார்க்க மட்டும்.'

"மாத்தணும்னா?" என்று கேட்டேன்.

"நேர்ல வந்து என்கிட்ட கேட்கட்டும்" என்றாள். சேமி என்ற விசையை அழுத்தினாள்.

இதுதான் பதில் அப்பா. கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. மழை நின்றதும் வாருங்கள். இஸ்திரிப் பெட்டிக்குப் புது வயர் போட்டாகிவிட்டது. இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் கடை அடைக்கும் நேரம். அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள், நான் வாசல் வெளிச்சத்தில்தான் இந்த வரியை எழுதுகிறேன். அம்மா விளக்குகளை அணைத்துவிட்டாள்.